பாக்கியக்கா கூப்பிட்ட பெரட்டு

செய்தியை எனக்குச் சொன்னது வக்கீல் முகுந்தன். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், நாங்கள் 'ஒய்.பி.' என்று கூப்பிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். சிரம்பான் பக்கத்து ராசாவில் மகள் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு காலத்தில் நாங்கள் மாற்றி மாற்றி அழைத்தும் அவர் எடுக்காத கைப்பேசி அது.

"கிராணியாரே, எங்க இருக்கீங்க?"

"ராசாவுல. என்னா ஒய்.பி., காலையிலேயே?"

"பெரட்டுக்கு வந்து நிக்கிறேன். எட்டு மணிக்கே வந்துட்டேன். அக்கா வரல. எட்டரை வரைக்கும் பார்த்துட்டு வீட்டுக்கு ஆள் அனுப்புனோம். நாற்காலியில உக்காந்தபடியே இருந்தாங்க. நல்ல சேலையா கட்டிக்கிட்டு, மடியில நோட்ட வச்சிக்கிட்டு. போயிட்டாங்க கிராணியாரே."

அன்று பெரட்டுக்கு நான் போயிருக்க வேண்டும். பேரனுக்குப் பிறந்தநாள் என்று சொல்லி முதல் நாளே ராசாவுக்கு வந்துவிட்டேன். மகளின் காரை இரவல் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அது ஒன்றுதான் மனத்தில் ஓடியது.

மேட்டு லயத்து வரிசை வீட்டுக்காரர்களுக்குப் பாக்கியக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அன்று மாலை புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வந்ததையெல்லாம் படித்தேன். 'அன்பின் உருவம்' என்று ஒருவர். 'எல்லாரையும் அரவணைத்த தாயுள்ளம்' என்று இன்னொருவர். யாரைச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. பாக்கியக்கா இருக்கும் இடத்தில் யாரும் நெளியாமல் உட்கார முடியாது. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது நினைவிருக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரெம்பாவ் போகும் சாலையில், பெரிய வளைவைத் தாண்டி இடப்பக்கம் ஏறும் செம்மண் பாதையில் எங்கள் தோட்டம் இருந்தது. முதலில் கித்தா என்கிற ரப்பர், அப்புறம் செம்பனை, கடைசியில் நிலத்தை வாங்கியவர்களின் விளம்பரப் பலகை. நான் அங்கே வெளிக்காட்டுக் கிராணி, ஆட்கணக்கு எழுதுபவன். வேலைக்குப் போகுமுன் ஆட்கள் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பதைத்தான் பெரட்டு என்போம். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிடுவது என் வேலை. 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தவர்களுக்கு அன்று வேலை உண்டு. குரல் வராவிட்டால் பெயரில் கோடு விழும். பாக்கியக்கா பால்வெட்டுக்காரி. என்னைவிட மூன்று வயது இளையவர். ஊரே அக்கா என்றதால் பின்னாளில் எனக்கும் அக்காவானார்.

ஒரு நாள் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அவர் ஓடி வந்தபோது, நான் அவர் பெயரைத் தாண்டி இரண்டு பெயர் போயிருந்தேன். "இருக்கேன் ஐயா" என்று களத்தின் ஓரத்திலிருந்தே கத்தினார். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் துரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோடு போட்ட பெயரை அவர் கண்ணெதிரில் திரும்ப எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. "வீட்டுக்குப் போ" என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

இருபது வருடம் கழித்து, தோட்டம் கைமாறி, லயத்து மக்களுக்காகக் குழு ஒன்று அமைத்தபோது அவர் தலைவர் ஆனார். செயலாளராக என் பெயரைச் சொன்னவரும் அவர்தான். எனக்கு ஆச்சரியம். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு அருகில் வந்தார்.

"அன்னைக்கு என் பேர ஒரு தடவதான் கூப்பிட்டீங்க, கிராணியாரே."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்குத்தான் மலாய்ல கடுதாசி எழுத வரும். வேலைய ஒழுங்காச் செய்யுங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

முப்பத்தெட்டுக் குடும்பங்கள் லயத்தில் இருந்தோம். காலி செய்யுமுன் எல்லாருக்கும் வீடு கட்டித் தருவதாக எழுத்தில் வாக்கு இருந்தது. வீடுதான் இல்லை. எங்கள் வழக்கை எடுத்து நடத்தியவர் முகுந்தன். அந்த நன்றியில்தான் அவரை முதல் தடவை சட்டமன்றத்துக்கு அனுப்பினோம். ஜெயித்த பிறகு பூமி பூசைக்கு வந்தார், மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொண்டார், போனார். அப்புறம் ஆளைக் காணோம்.

ஒரு சனிக்கிழமை காலை மண்வாரி இயந்திரம் லயத்துக்குள் வந்தது. பெண்கள் அதற்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் முகுந்தனை அழைத்தேன். பாக்கியக்கா அழைத்தார். கையில் கைப்பேசி இருந்த எல்லாரும் அழைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் ஆயாக்கொட்டகை தரைமட்டம், ஆறு வீடுகளின் அடுப்படி போயிற்று. அதே நேரத்தில் போர்டிக்சன் கடலோர விடுதி ஒன்றில் அவர் அணிச்சல் (கேக்) வெட்டிக்கொண்டிருந்த படம் மறுநாள் பத்திரிகையில் வந்திருந்தது. அந்தப் பத்திரிகையை நான் மடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த தேர்தலில் அவரே மறுபடியும் நின்றார். எதிர்த்து நின்றவர் நிலத்தை வாங்கியவர்களுக்கு நெருக்கமானவர். "மூன்றே மாதத்தில் லயத்தைக் காலி செய்து காட்டுகிறேன்" என்று அவர் மேடை போட்டே பேசினார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. முகுந்தன் மேல் அவ்வளவு கோபம். யாரும் ஓட்டுப் போடக் கூடாது, நம் ஓட்டு இல்லாமல் அவர் தோற்றால்தான் அவருக்கு உறைக்கும் என்று அந்தப் பத்திரிகையோடு வீடு வீடாகப் போனேன். பாதி லயம் என் பக்கம்.

வாக்களிப்புக்குப் பத்து நாள் இருக்கையில் முகுந்தன் உருமி மேளத்தோடு லயத்துக்கு வந்தார். பழைய பெரட்டுக் களத்தில் பாக்கியக்கா குறுக்கே வந்து நின்று மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது.

"அன்னைக்கு மிஷினு வந்தப்ப எங்க இருந்தீங்க?"

அவர் மாவட்ட அலுவலகம், அனுமதிக் கடிதம், மேலிடத்து அழுத்தம் என்று ஆரம்பித்தார்.

"காரணம் கேக்கல. எங்க இருந்தீங்கன்னு கேட்டேன்."

"போர்டிக்சன்ல."

"போன் கையில இருந்துச்சா?"

முகுந்தன் தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருந்துச்சு" என்றார்.

"சரி. என் ஓட்டு உங்களுக்குத்தான்." களமே சலசலத்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "மன்னிச்சிட்டுப் போடல, அத மனசுல வச்சிக்குங்க. எதுத்து நிக்கிறவரு நம்மளக் கெளப்புறேன்னு சொல்றாரு, சொன்னபடி செஞ்சிருவாரு. நீங்க செய்யிறேன்னு சொல்லிட்டு செய்யல. உங்கள நிக்க வச்சுக் கேக்கலாம், அவரக் கேக்க முடியாது. அவ்ளதான் லா. மாசா மாசம் மொத ஞாயித்துக்கெழம, காலையில எட்டு மணிக்கு, இதே எடத்துல பெரட்டு. உங்க பேரக் கூப்பிடுவேன். வந்து நிக்கணும்."

முகுந்தன் தலையை ஆட்டினார். எந்த வேட்பாளர்தான் ஆட்ட மாட்டார்? கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினேன். "உனக்கு என்னா குடுத்தாரு, பாக்கியம்?"

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அந்தக் கேள்வி நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் காதில் விழுந்தது. அவர் மகள் மல்லிகாவின் காதிலும்தான். பாக்கியக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன் பிறகு பத்து நாள் நாங்கள் பேசவில்லை. லயம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கோயிலில்கூட இரண்டு பக்கமாக நின்றார்கள்.

வாக்களிப்பு நாளன்று நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். வானம் கறுத்துக் கிடந்தது. பாக்கியக்கா வாசலில் வந்து நின்றார். இடக்கை ஆள்காட்டி விரலில் மை புதிதாகப் பளிச்சென்று இருந்தது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"தமிழ்ப்பள்ளியில ஆறு மணி வரைக்கும் தொறந்திருக்கும். மழ வர மாதிரி இருக்கு. உங்ககிட்ட கொட இல்லன்னு தெரியும்."

கையிலிருந்த கறுப்புக் குடையைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்துக்கு அவர் நனைந்துகொண்டே போனதை சன்னல் வழியாகப் பார்த்தேன். முன்வீட்டு ஆட்களை ஓட்டுப் போடக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பள்ளிக்குப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நான் அசையவில்லை. ஆறு மணி அடித்தது. குடை அங்கேயே இருந்தது.

முகுந்தன் ஜெயித்தார், மிகக் கொஞ்ச வாக்குகளில். எங்கள் லயத்தின் மறுபாதியும் என் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் தோற்றிருப்பார். மூன்று மாதத்தில் நாங்கள் எங்கே இருந்திருப்போம் என்று யோசிக்கவே எனக்குப் பல நாள் ஆயிற்று.

முதல் பெரட்டுக்கு முகுந்தன் வரவில்லை. பாக்கியக்கா இருநூறு பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு களத்தில் நின்றார். முதல் பெயராகத் தம் பெயரையே கூப்பிட்டு "இருக்கேன்" என்று தாமே சொன்னார். லயத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கடைசியில் சாலையைப் பார்த்து, "ஒய்.பி. முகுந்தன்" என்றார். பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். சிலர் சிரித்தார்கள். ஏன் மூன்று தடவை என்று எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டாம் மாதமும் அவர் வராததால், பாக்கியக்கா இடிந்த ஆயாக்கொட்டகையில் கிடந்த கரும்பலகையைக் கழுவி, ரெம்பாவ் சாலை ஓரத்தில் மரத்தில் மாட்டினார். 'ஒய்.பி. முகுந்தன், இரண்டு பெரட்டு, வரவில்லை.' கீழே மலாயிலும் எழுதச் சொன்னார். எழுதியது நான். பேருந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படித்தார்கள். யாரோ படம் எடுத்து அனுப்ப, சிரம்பான் வரைக்கும் அது போய்விட்டது.

நான்காம் நாள் மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள். முகுந்தனின் கட்சிக்காரர்கள். பாக்கியக்கா வீட்டில் நானும் இருந்தேன். ஒருவன் உள்ளே வரும்போதே கதவைச் சாத்தினான்.

"பலகைய எறக்குங்க. நம்ம ஆளையே நீங்க அசிங்கப்படுத்துறீங்க. எதுத்தவன் சிரிக்கிறான்."

"தண்ணி கலக்கவா தம்பி? கோப்பியா, தேத்தண்ணியா?"

"வெளையாடாதீங்க. உங்க வீட்டு லைட்டு, தண்ணியெல்லாம் யாரு கையில இருக்குன்னு தெரியும்ல?"

பாக்கியக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க மூணு பேரும் சேந்து புடிச்ச ஓட்ட விட நான் ஒருத்தி புடிச்ச ஓட்டு கூட. மழையில நனஞ்சு புடிச்சேன். அவரு தோக்கணும்னு நெனச்சா நான் ஏன் பலகையில எழுதுறேன்? சும்மா இருந்தா போதாதா? அவர வரச் சொல்லுங்க. வந்தா நானே அழிச்சிடுறேன்."

கதவைச் சாத்தியவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பது போல இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் போன பிறகு அவர் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கோப்பி கலக்கினார்.

மூன்றாம் மாதம் முகுந்தன் வந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொல்லாமல் பாக்கியக்காவையே பார்த்தார். இரண்டாம் தடவையும் அப்படியே நின்றார். மூன்றாம் தடவை, "இருக்கேன்" என்றார். பாக்கியக்கா சொன்னபடி, வேறு யாரையும் அனுப்பாமல் தாமே சாலைக்கு நடந்து போய்ப் பலகையை அழித்துவிட்டு வந்தார். அவர் வரும்வரை முகுந்தன் வெயிலில் நின்றார்.

அன்று முதல் கேள்வி கேட்க எழுந்தவன் நான். வாயைத் திறக்குமுன்பே நாலா பக்கமும் கூச்சல். "விரல காட்டுங்க கிராணியாரே. மை எங்க?" "ஓட்டுப் போடாத ஆளுக்கு என்னா கேள்வி?" நான் உட்காரப் போனேன்.

"அவரு கேக்கலாம்" என்றார் பாக்கியக்கா. "ஓட்டுப் போடாதவரும் கேக்கலாம். ஓட்டுப் போட்டவங்கதான் கேட்டே ஆகணும். நீங்கல்லாம் ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?"

அதற்குப் பிறகு பெரட்டு தவறவில்லை. முகுந்தன் பல மாதம் வந்தார், சில மாதம் வரவில்லை. வராத மாதம் பலகை மரத்தில் ஏறும். அவர் நல்லவராகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை பொய்த் தேதி சொல்லி மாட்டிக்கொண்டார். ஆனால் நின்றார். மூன்றாம் வருடம் மேட்டின் கீழே இருபத்தாறு வீடுகள் எழும்பின. மீதிப் பன்னிரண்டு வீடுகள் இரண்டாம் கட்டம் என்றார்கள். யாருக்கு எது என்று கோயிலில் குலுக்கல் போட்டோம். எனக்கு முதல் கட்டத்தில் மூலை வீடு. பாக்கியக்காவின் சீட்டு இரண்டாம் கட்டத்தில் விழுந்தது. என் வீட்டைத் தரலாமா என்று நான் வாயைத் திறந்தேன், அவர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன்.

சாவி வாங்கிய அன்று முகுந்தன் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்தப் படம் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பாக்கியக்கா ஒரே ஒரு தடவை வந்து அதைப் பார்த்தார். "நல்லா விழுந்திருக்கு" என்றார். இரண்டாம் கட்டத்தில் அடித்தளத்துக்கு மேல் ஒரு கல் ஏறவில்லை. ஒழுகும் லயத்து வீட்டில்தான் அவர் இருந்தார். அங்கேதான் இறந்தார்.

அடக்கத்தன்று முகுந்தன் பேசினார். கண் கலங்கினார், அது நடிப்பு இல்லை. புதிய வீட்டுத் தெருவுக்கு அக்காவின் பெயரை வைப்பதாக அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மல்லிகா அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். அன்று ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட அதே குழந்தை, இப்போது மருத்துவமனையில் தாதி. "அம்மா உங்ககிட்டதான் குடுக்கச் சொல்வாங்க, மாமா. படிச்சிட்டு வையுங்க" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் இரண்டு கட்டம் போட்டிருந்தார். 'வந்தார்' ஒன்று, 'கேட்டார்' ஒன்று. முகுந்தனை மட்டும்தான் கணக்கில் வைத்திருக்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். என் பெயரைத் தேடினேன். முதல் பக்கங்களில் வந்தார், கேட்டார். மறுபடியும் வந்தார், கேட்டார். சாவி வாங்கிய மாதத்திலிருந்து வந்தார், வந்தார், வந்தார். பக்கத்துக் கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாகக் கிடந்தது. தோற்கடிக்க வேண்டும் என்று கத்தியவன் நான். வீடு கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டவனும் நான்தான். அவர் ஒரு நாளும் என்னிடம் அதைச் சொல்லவில்லை, எழுதி மட்டும் வைத்திருந்தார்.

கடைசிப் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. முதல் பெயர் அவருடையது. புறப்படுமுன்பே 'வந்தார்' என்று போட்டிருந்தார். கீழே ஒரு வரி: 'பன்னிரண்டு வீடு. சுவர் எப்போது. தேதி வாங்காமல் விடக்கூடாது.'

அடுத்த முதல் ஞாயிறு நான் நோட்டோடு களத்தில் நின்றேன். முதல் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிவிடுவேனோ என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு தடவை அவர் பெயரைத் தாண்டியது போதும் என்று தோன்றியது. மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு மற்றவர்கள். கடைசியில் முகுந்தன்.

"இருக்கேன்." அவர் முன்னால் வந்தார். "தெருவுக்குப் பேர் பலக செஞ்சாச்சு, கிராணியாரே. அடுத்த வாரம் திறப்பு விழா."

"பேரு அப்புறம் வைக்கலாம் ஒய்.பி. பன்னெண்டு வீட்டுக்குச் சுவரு எப்ப?"

அவர் முகம் மாறியது. "உங்களுக்குத்தான் வீடு கெடைச்சிருச்சே, கிராணியாரே. நீங்களுமா?"

"கெடைச்சிருச்சு. அதனாலதான் இத்தன மாசம் கேக்காம இருந்தேன். தேதி சொல்லுங்க."

"ஆப்பீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

"இங்கயே கேளுங்க. போன் கையிலதான இருக்கு?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளிப் போய் யாரையோ அழைத்துப் பேசிவிட்டு வந்து ஒரு தேதி சொன்னார். எழுதிக்கொண்டேன். அந்தத் தேதி இன்னும் வரவில்லை. பொய்யாக இருந்தால் பலகை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் பெயருக்கு நேரே இருந்த இரண்டாம் கட்டத்தில் நானே எழுதிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. நோட்டைக் கூட்டத்தில் நின்ற மல்லிகாவிடம் நீட்டினேன். அவள்தான் எழுதினாள்.

பாக்கியக்காவுடையவை இரண்டு என்னிடம் இருக்கின்றன. நோட்டில் இன்னும் சில பக்கங்கள் மீதி. குடையை அவர் திருப்பிக் கேட்டதே இல்லை. இன்னும் கதவோரத்தில்தான் இருக்கிறது. அடுத்த தேர்தல் சீக்கிரம் வரும் என்கிறார்கள். முகுந்தனே நிற்கலாம், அவரைவிட மோசமானவர் எதிர்த்து நிற்கலாம். மழை வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போவேன்.